பிள்ளைத்தாச்சி வீட்டு அமரர் ஊர்தி

மாப்பிள்ளை டிராவல்ஸ் வைத்திருக்கிறார் என்றுதான் தரகர் சொன்னார். அதில் பொய் இல்லை. குரும்பலூர் கலையரசனிடம் ஒரு வண்டி இருந்தது. அது தினமும் பயணம் போனது. ஏறியவர்கள் யாரும் அதுவரை குறை சொன்னதில்லை. நிச்சயம் முடிந்து வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகுதான் அது அமரர் ஊர்தி என்பது உடையார்பாளையத்தில் பெண்ணைப் பெற்ற கிருஷ்ணம்மாளுக்குத் தெரியவந்தது. வெள்ளை வண்டி, பக்கத்துக்கு ஒரு மயில், நெற்றியில் ‘சொர்க்க ரதம்’ என்ற எழுத்து. கூடவே ஒரு ஐஸ் பெட்டியும் வாடகைக்கு உண்டு. கிருஷ்ணம்மாள் சாப்பிடாமல் படுத்திருந்துவிட்டு, எழுந்து தன் கணவர் பஞ்சநாதனிடம், எப்படியும் படுத்துப் போகிற தொழில் இல்லை என்று சொல்லிக் கல்யாண வேலையைத் தொடங்கினாள்.

மணப்பெண் வினோதினிக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் பெரம்பலூரில் ஒரு மக்காச்சோள மண்டியில் கணக்கு எழுதினாள். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கலையரசனின் குரல் சாவு வீடுகளில் பேசிப் பேசித் தணிந்துபோனது. எந்தச் சண்டைக்கும் உதவாத குரல். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் அவள் உண்டான பிறகு வந்தது. மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பிணம் சுமக்கக் கூடாது, இறந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சுடுகாட்டு எல்லையை மிதிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. கிருஷ்ணம்மாள் இதைப் போனில் வரிசையாகச் சொன்னாள். சவரத்தைக் கலையரசன் உடனே விட்டுவிட்டான். மற்றவற்றை விட்டால் பிறக்கிற பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லை என்று தணிந்த குரலில் சொன்னான். கிருஷ்ணம்மாள் நியாயம் தெரிந்தவள். யோசித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். சுமக்கக் கூடாது என்றுதான் இருக்கிறதே தவிர ஓட்டக் கூடாது என்று இல்லை, சுமப்பது இன்ஜின். முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்தால் போதும். சுடுகாட்டு வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து கலையரசன் உள்ளே பார்க்கும் கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவைத்தான். உடலை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்பான். பெரம்பலூர்ச் சுவர்களில் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். ஆகவே இறந்தவர்களின் முகங்களை முன்னைவிட அதிகமாகப் பார்த்தான். ஆனால் அவை காகிதத்தில் இருந்ததால் கணக்கில் வரவில்லை. தாடி வளர வளர, சாவு வீட்டார் அவனுக்கும் ஏதோ துக்கம் என்று நினைத்து மரியாதை கூட்டினார்கள். இருவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுததும் உண்டு.

வினோதினியின் பயம் இந்த வரிசையில் எதிலும் இல்லை. டிரிப் இல்லாத நேரமெல்லாம் வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது; அவள் அதன் மேல்தான் வத்தல் தட்டைக் காயவைத்தாள். வலியைப் பற்றியும் அவ்வளவாகப் பயமில்லை. வலி எல்லோருக்கும் வருவது. அவள் பயந்தது, அந்த அறையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் தனியாகக் கிடப்பதற்கு. மண்டியில் உடன் வேலை பார்த்த ஜெயராணி, தன் முதல் பிரசவத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் விவரமாகச் சொல்லியிருந்தாள். அதில் ரத்தம், தையல், ஆயுதம் எல்லாம் வந்தது. வினோதினியின் மனதில் தங்கியது ஒன்றுதான்: பிடித்துக்கொள்ளக் கட்டில் கம்பிதான் இருந்தது என்று அவள் சொன்னது.

“வலி வரட்டும். புடிச்சிக்க ஒரு கை வேணும். அவ்ளோதான்,” என்றாள் கலையரசனிடம்.

அவன் இருப்பேன் என்று சொன்னான். பிறகு விசாரித்ததில், பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுவார்கள், அது பெண்ணாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவனுடைய அம்மா இல்லை. மிச்சம் இருந்தது கிருஷ்ணம்மாள்.

கிருஷ்ணம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தாள். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து அடுக்கினாள். கலியபெருமாள் கோயிலுக்கு முடி நேர்ந்துகொண்டாள். ஜெயராணி மூலமாக ஏலாக்குறிச்சி மாதாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னாள். எந்த வாசலும் அடைபட்டிருக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. ஆனால் அவளுக்கு ரத்தம் ஆகாது. கறிக்கடையில்கூட ரோட்டைப் பார்த்து நின்று, பின்னால் கை நீட்டித்தான் பையை வாங்குவாள். பஞ்சநாதனுக்கு முந்திரித் தோப்பில் அரிவாள் பட்டபோது, கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அவர்தான் அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

“நீ உள்ள வந்து நிப்பியாம்மா?” என்று வினோதினி கேட்டாள்.

“மூணு பெத்தவகிட்ட கேக்குற கேள்வியா இது?”

“நீ பெத்தத நீ பாக்கலியே.”

கிருஷ்ணம்மாள் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். குங்குமப்பூ பால் ஆறிவிடும் என்றாள்.

வளைகாப்பு முடிந்து ஒற்றைப்படை மாதத்தில் வினோதினியை உடையார்பாளையம் அழைத்துப் போனார்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். அங்கே கிருஷ்ணம்மாள் இன்னொரு தீர்ப்பும் சொன்னாள்: பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்கக் கூடாது. இதே கிருஷ்ணம்மாள் ஜெயங்கொண்டம் சந்தைக்குக் கிளம்பும்போது சவ வண்டி எதிரே வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போகிற காரியம் பழம் என்பாள். எதிரே வந்தால் நல்லது, வந்து நின்றால் கெட்டது. வித்தியாசம் அவளுக்குத் தெளிவாக இருந்தது. எதிரே வருகிற வண்டியில் ஆள் இருக்க வேண்டும் என்பது கூடுதல் விதி. காலி வண்டிக்குப் பலன் கிடையாது.

கலையரசன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி வந்து போனான். வயிறு இறங்கிவிட்டது என்று சுகாதார நிலைய டாக்டர் சொன்ன வாரத்தில் அவனால் குரும்பலூரில் இருக்க முடியவில்லை. தலை பெரிதாக இருக்கிறது, வலி கண்டதும் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்றாலும், வெளியிலாவது நிற்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. வண்டியை விட்டுவிட்டு வந்தால் வருமானம் போகும். வண்டியோடு வந்தால் மாமியார் போய்விடுவாள். அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறந்தார். கொண்டுபோக வேண்டிய ஊர் தத்தனூர்ப் பக்கம். வினோதினி இருக்கும் இடத்துக்கு அடுத்து என்றே சொல்லலாம். கலையரசன் அவளுக்குப் போன் செய்து, காலையில் அந்தப் பக்கம் ஒரு டிரிப் இருக்கிறது, இறக்கிவிட்டு அப்படியே வந்துவிடுகிறேன் என்றான். சந்தோஷமாகச் சொன்னதாகத்தான் கேள்வி. இறந்தவரைப் பற்றி அவனுக்கு அப்போது எந்தக் கருத்தும் இல்லை.

வினோதினிக்கு அந்தப் போன் வந்தபோதே வலி ஆரம்பித்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் அம்மா கூட்டத்தைக் கூட்டுவாள், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள், அவன் வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் அவன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காலையில் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கிருஷ்ணம்மாளுக்குப் புரிந்தது. 108-க்குப் போன் போட்டார்கள். பக்கத்து வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்தது கிளம்பிவிட்டது, வந்துவிடும் என்றார்கள். வந்துவிடும் என்ற சொல்லைப் பஞ்சநாதன் வாழ்நாளில் பலரிடம் கேட்டிருக்கிறார். அவர் தெருமுனை ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார்.

ஆட்டோ தத்தனூர் தாண்டி, வி.கைகாட்டிக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. டயரைக் கிழிக்கும் கற்களுக்குப் பஞ்சமில்லை. மாற்று டயர் இருந்தது, காற்று இல்லாமல். பஞ்சநாதன் ரோட்டில் இறங்கி, துண்டை ஆட்டி ஆட்டி லாரிகளை மறித்தார். லாரிகள் அவரைச் சுற்றிப் போயின. வினோதினி ஆட்டோவுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயராணி சொன்ன கம்பி அவளுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் கையைப் பிடிக்கலாம்தான். ஆனால் பனிக்குடம் உடைந்து சேலை நனைந்ததிலிருந்து கிருஷ்ணம்மாள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே சவ வண்டி வந்தது. கிருஷ்ணம்மாள் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மயிலைப் பார்த்தாள். அதன் பிறகு தாடியை.

கலையரசன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி ஓடிவந்தான். பின்னால் இறந்தவரின் உறவினர்களோடு வந்த ஓம்னி வேனும் நின்றது.

“மாப்ள, வண்டியில ஆள் இருக்கா, சும்மாவா?” என்றாள் கிருஷ்ணம்மாள்.

“இருக்காருங்க அத்தை.”

“அப்ப சரி.”

சவ வண்டியின் ஜன்னல் வழியாக ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். இறந்தவரின் மனைவி சுந்தராம்பாள். என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, ஓட்டுகிறவர் தவிர ஓம்னியில் இருந்த ஆண்களை இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சவ வண்டியில் போய் ஏறினார்கள். வினோதினியைத் தூக்கி ஓம்னியின் பின்சீட்டில் வைத்தார்கள். அங்கே ஒரு பெண், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், தலை கலைந்து, கண் வீங்கி, அழுது முடிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இறந்தவரின் ஒரே மகள் பரிமளா. அவள் இடம் கொடுத்துவிட்டு இறங்கப் போனாள். அப்போது பார்த்து வினோதினிக்கு வலி வந்தது. கைக்குக் கிடைத்தது பரிமளாவின் மணிக்கட்டு.

“எறங்காதீங்க,” என்றாள் வினோதினி.

வலி அடங்கியது. பிடி அடங்கவில்லை. பரிமளா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். அவள் வராமல் வாய்க்கரிசி போட முடியாது. வாய்க்கரிசி போடாமல் எடுக்க முடியாது. இது சுந்தராம்பாளுக்கும் தெரியும்.

“போயிட்டு வா பரிமளா,” என்றார் சுந்தராம்பாள். “ஒங்கப்பாவுக்கு இனிமே என்ன அவசரம். ஆயுசு பூரா அவசரப்பட்டாச்சு.”

இறந்தவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஏறுகிறவர்களின் இரண்டாவது கால் தரையில் இருக்கும்போதே விசில் கொடுப்பாராம்.

கலையரசன் ஓம்னியின் கதவில் கை வைத்தான். முன்சீட்டிலிருந்து கிருஷ்ணம்மாள் தடுத்தாள். பிணத்தோடு வந்தவர் தலைக்குக் குளிக்காமல் பிள்ளைத்தாச்சி பக்கத்தில் வரக் கூடாது என்றாள். பின்சீட்டில் இருப்பவள் ஓம்னிக்காரரின் சம்சாரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். திருத்த யாருக்கும் நேரம் இல்லை; அவள் அதற்குள் ஓட்டுகிறவரிடம் வழி சொல்ல ஆரம்பித்திருந்தாள், பின்னால் பேசியது அவள் காதில் விழவில்லை. கலையரசன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தப் போனான் என்று பஞ்சநாதன் பிற்பாடு சொன்னார். உயர்த்தியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை, வினோதினி முந்திக்கொண்டாள்.

“நீங்க இவங்கப்பாவ கொண்டுபோய் சேருங்க. இவங்க எங்கூட இருக்கட்டும்.”

“வினோ, நான் இருக்கேன்னு சொன்னேன்ல.”

“நீங்க வந்தாலும் வெளியதான் நிப்பீங்க. எனக்கு உள்ள ஆள் வேணும்.”

கலையரசன் பரிமளாவைப் பார்த்தான். எத்தனையோ பேர் அவன் வண்டியில் தங்கள் ஆட்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தன் ஆளை இன்னொரு வண்டியில் ஏற்றிவிட்டு நிற்பது அவனுக்குப் புதிது.

“எங்கப்பாவ பாத்துக்குங்க தம்பி,” என்றாள் பரிமளா.

“பாத்துக்கிறேங்க.”

ஓம்னி திரும்பி அரியலூர்ப் பக்கம் போனது. சவ வண்டி தத்தனூர்ப் பக்கம் போனது. பஞ்சநாதன் ஆட்டோவோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, 108 வந்ததும் அதில் தனியாக ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சாவு வீட்டில் பந்தல் போட்டுத் தயாராக இருந்தார்கள். உடலை இறக்கி ஐஸ் பெட்டியில் வைத்து, மாலை போட்டார்கள். கலையரசன் வழக்கம்போல எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றான். மற்ற வீடுகளில் வேலை அத்தோடு முடியும். இங்கே கிளம்ப முடியவில்லை. பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டான். எதைப் பார்த்துக்கொள்வது, பார்க்கவே கூடாது என்று இருக்கும்போது, என்று யோசித்து, பெட்டிக்கு முதுகைக் காட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் போன். மணியடிக்கவில்லை. பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும்; அதையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்போது எடுக்கிறீர்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மகள் வர வேண்டும் என்றார்கள். மகள் எங்கே என்றால், பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். இந்த வயதிலா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு விஷயத்தை விளக்கவே தனியாக ஒரு ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது. பறையடிக்க வந்தவர்கள், செய்தி வரும்வரை கொஞ்சம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டார்கள். போன் மணி கேட்காமல் போய்விடக் கூடாது என்றார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு, தலைச்சன்தானா, நேரம் ஆகும், முதல் பிள்ளை அப்படித்தான், என்று கலையரசனிடம் சொன்னார்கள். அவனுடைய தாடிக்கு அன்றுதான் சரியான காரணம் சொல்லப்பட்டது.

“பயமா இருக்கா தம்பி?” என்றார் சுந்தராம்பாள், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி.

“அவ தனியா இருந்துடக் கூடாதுங்கம்மா. அது ஒண்ணுதான் கேட்டா.”

“பரிமளா கைய விடமாட்டா. அவங்கப்பா கூடயும் கடைசி வரைக்கும் அவதான் இருந்தா.”

அவர் மறுபடி அழ ஆரம்பித்தார். கலையரசன் சாவு வீடுகளில் என்ன செய்வானோ அதைச் செய்தான், ஒரு சொம்புத் தண்ணீரைப் பின்பக்கமாக நீட்டினான்.

வெயில் சாயத் தொடங்கியபோது போன் அடித்தது. பந்தல் அடங்கியது. பேசியது பரிமளா. அவளுடைய குரல் ஒப்பாரி வைத்த குரல்போல உடைந்திருந்ததால் அவன் பதறி எழுந்துவிட்டான்.

“பொம்பளப் புள்ள தம்பி. நல்லாருக்கா. அவளும் நல்லாருக்கா. தையல் போட்டுக்கிட்டிருக்காங்க, இன்னும் என் கையப் புடிச்சிக்கிட்டுதான் இருக்கா. ஒங்க மாமியாருக்குத்தான் பக்கத்து வார்டுல குளுக்கோஸ் ஏறுது.”

கிருஷ்ணம்மாள் பிரசவ அறை வாசல்வரை தைரியமாகத்தான் போனாள். நர்ஸ் ஊசி குத்த வினோதினியின் கையைத் திருப்பியதும் சரிந்துவிட்டாள். துணைக்கு வேறு யார் என்று நர்ஸ் கேட்டதற்கு வினோதினி, அக்கா என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு அன்று தீட்டு என்பதை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி சொன்னதெல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதுதான். பரிமளா ஒரு கையைக் கழுவினாள். இன்னொன்றை விடுவித்துக் கழுவ நர்ஸே உதவ வேண்டியிருந்தது.

கலையரசன் போனை வைத்துவிட்டு, பொம்பளப் பிள்ளை என்றான், யாருக்கென்று இல்லாமல். சாவு வீட்டில் மிட்டாய் கொடுக்க முடியாது. கை கொடுத்துச் சிரிக்கவும் முடியாது. எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து டீ கேனோடு வந்தவரைச் சுந்தராம்பாள் கூப்பிட்டார்.

“அந்தத் தம்பிக்குச் சக்கர தூக்கலாப் போட்டுக் குடு.”

டீயைக் குடித்து முடித்தபோதுதான் கலையரசனுக்கு உறைத்தது. பிள்ளை பிறந்துவிட்டது, விதி முடிந்துவிட்டது. இனிப் பார்க்கலாம். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலையில் தான் ஏற்றிவந்தவரின் முகத்தைப் பார்த்தான். ஒல்லியான முகம், நரைத்த மீசை. ஓடிக்கொண்டிருந்த ஒருவரை யாரோ தோளில் கைபோட்டு நிறுத்திவைத்தது போல இருந்தது.

சுந்தராம்பாள் அவனைக் கிளம்பச் சொன்னார். பரிமளா வந்து, வாய்க்கரிசி போட்டு, எடுத்துக்கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் போவேன் என்று இருந்துவிட்டான். பரிமளா வந்தாள். அழுவதற்குக் கையைத் தூக்கியபோது மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் சிவந்து தெரிந்தது. அன்று கலையரசன் சுடுகாட்டு வாசலோடு நிற்கவில்லை, உள்ளே வரை போனான்.

அங்கேயே பம்ப் செட்டில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வண்டியை வெளி கேட்டுக்கு அப்பால் நிறுத்தினான். வார்டு வாசலில் கிருஷ்ணம்மாள், குளுக்கோஸ் ஏறிய கையில் பஞ்சோடு நின்று, அவன் தலையைத் தொட்டு ஈரமா என்று பார்த்தாள். பரிமளா யார் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அதைப் பற்றிச் சத்தம் போடுவாள் என்று பஞ்சநாதன் காத்திருந்தார். அவள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்திருந்தாள்: சாவுத் தீட்டும் பிறப்புத் தீட்டும் ஒன்றுக்கொன்று நேராகிவிட்டன, தவிர, வண்டியில் ஆள் இருந்தது, அதுவும் எதிரேதான் வந்தது.

வினோதினி சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. கலையரசன் குனிந்து பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கேட்டாள்.

“அவங்கப்பாவ நல்லபடியா கொண்டுபோய் சேத்தீங்களா?”

“சேத்துட்டேன்.”

“அப்ப ஒக்காருங்க,” என்று சொல்லி, அவள் தன் கையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.